பெண் குழந்தைக்கு ரஷ்யப் பெயர்: இணையத்தில் போட்டிருக்கும் அர்த்தங்களை நம்பலாமா?

பெரம்பூர்_மருமகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெண் குழந்தை பிறந்திருக்கிறாள், பெயர் இன்னும் முடிவாகவில்லை, வீடே பாப்பா பாப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கணவரின் தாத்தா ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தீவிர யூனியன்காரர், பிள்ளைகளுக்கெல்லாம் ரஷ்யப் பெயர்தான் வைத்தார். என் மாமனார் பெயர் லெனின், அவர் தங்கை வாலன்டினா (தெருவில் எல்லோருக்கும் வாலு அக்கா). இந்தப் பழக்கம் நம்மோடு நின்றுவிடக் கூடாது என்று கணவர் ஆசைப்படுகிறார். எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது, ஆனால் அர்த்தம் தெரியாமல் ஒரு பெயரை வைத்துவிட்டு நாளைக்கு அவள் கேட்டால் முழிக்கக் கூடாது இல்லையா.

இணையத்தில் "ஸ்லாவியப் பெண் பெயர்கள்" (ரஷ்யா, உக்ரைன், போலந்து, செர்பியா பக்கத்து மொழிக் குடும்பத்துக்கு ஸ்லாவியம் என்று பெயராம்) என்று தேடினால் ஆயிரம் பட்டியல் வருகிறது. நாங்கள் பிடித்து வைத்திருப்பவை: நதாஷா, ஸ்வெத்லானா, தமாரா, அனுஷ்கா, நிகிதா, மிலானா, வேரா, ஓல்கா. எல்லாவற்றுக்கும் "ஸ்லாவிய மூலம்" என்றே போட்டிருக்கிறார்கள். ஒரு தளத்தில் நதாஷா என்றால் கிறிஸ்துமஸில் பிறந்தவள், இன்னொன்றில் வலிமை, மூன்றாவதில் "சமஸ்கிருதத்தில் ஆசை". எதைத்தான் நம்புவது?

இதற்கு நடுவில் மாமியார். குழந்தை அனுஷ நட்சத்திரம், ந நி நு நே என்றுதான் தொடங்க வேண்டும் என்கிறார். லெனின் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் மாமனாரும் அதற்குத் தலையாட்டுகிறார், அதை யாரிடம் போய்ச் சொல்வது. இன்னொரு பக்கம் நாத்தனார், அனுஷம் என்பதால்தான் அனுஷ்கா, இரண்டும் ஒன்றுதான் என்று சாதிக்கிறாள்.

ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இதில் எது நிஜமாகவே ஸ்லாவியப் பெயர், என்ன பொருள், அந்த ஊர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்களா என்று சொல்லுங்கள்.

---

மொழிப்பித்து எழுதியது:

வாழ்த்துகள்! கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கும் ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் கொஞ்ச காலம் மொழி படித்தவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன், நீளமாகத்தான் போகும்.

முதல் விஷயம், உங்கள் எட்டுப் பெயரில் சுத்தமான ஸ்லாவிய வேர் இருப்பது மூன்றே மூன்றில்: ஸ்வெத்லானா, மிலானா, வேரா. மீதியெல்லாம் வெளியிலிருந்து போனவை. இதற்குக் காரணம் மதம். கீவ் நாட்டை ஆண்ட விளாதிமிர் 988-ல் கிறிஸ்தவத்துக்கு மாறினார், போலந்து அதற்கும் முன்பே 966-ல். ஞானஸ்நானம் கொடுக்கும்போது தேவாலய நாள்காட்டியில் இருக்கும் ஏதாவது ஒரு புனிதரின் பெயரைத்தான் வைக்க வேண்டும், அந்தப் புனிதர்களோ கிரேக்கர்கள், ரோமானியர்கள், யூதர்கள். அதனால் அன்னா, மரியா, எலேனா, இரினா, எகதெரீனா, அனஸ்தாசியா எல்லாம் உள்ளே வந்தன, பழைய பெயர்கள் மெல்ல வழக்கொழிந்தன. பழையவற்றில் தப்பித்தது எது என்று பார்த்தால், அந்தப் பெயருள்ள யாராவது ஒருவர் புனிதராகியிருப்பார். லுத்மிலா அப்படித்தான் பிழைத்தது: செக் நாட்டுப் பெருமாட்டி, 921-ல் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள், பிறகு புனிதராக்கினார்கள்.

பழைய ஸ்லாவியப் பெயர்களின் கட்டமைப்பு நமக்கு ரொம்பப் பழக்கமானது. மலர்விழி, அருள்மொழி என்று நாம் இரண்டு சொல்லைச் சேர்ப்பது போலவே அவர்களும் சேர்த்தார்கள். லுத் என்றால் மக்கள், மில் என்றால் பிரியம், ஆக லுத்மிலா மக்களுக்குப் பிரியமானவள். மிர் என்றால் அமைதி (உலகம் என்றும் பொருள் உண்டு), ஸ்லாவா என்றால் புகழ், சேர்த்தால் மிரோஸ்லாவா. யாரோஸ்லாவா, ஸ்தனிஸ்லாவா, புரோனிஸ்லாவா எல்லாம் இதே வார்ப்புதான். போக் என்றால் கடவுள், தானா என்றால் கொடுக்கப்பட்டவள், எனவே போக்தானா. நம்மிடம் தேவதத்தன் இருக்கிறான் அல்லவா, அவனுக்குப் பெண்பால் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் பட்டியல்.

நதாஷா தனிப் பெயரே இல்லை, நதாலியாவின் செல்லப் பெயர். நதாலியா லத்தீன், "ஆண்டவரின் பிறந்தநாள்" என்ற தொடரிலிருந்து வந்தது, கிறிஸ்துமஸ் என்று போட்ட தளம் சொன்னது சரி. வலிமை, ஆசை எல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதியது.

அனுஷ்கா, அன்னாவின் செல்ல வடிவம். அன்னா எபிரேயப் பெயர், அருள் என்று பொருள். அனுஷ நட்சத்திரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, நாத்தனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சோனியாவும் இதே ரகம், சோஃபியாவின் சுருக்கம். சோனியா காந்தியின் அப்பா இரண்டாம் உலகப் போரில் ரஷ்ய முனையில் இருந்தவர், இத்தாலியில் பிறந்த தன் மூன்று மகள்களையும் அனுஷ்கா, சோனியா, நாதியா என்றுதான் கூப்பிட்டார்.

ஓல்கா கேட்பதற்கு அசல் ரஷ்யப் பெயர் மாதிரி இருக்கும், ஆனால் வைக்கிங்குகளின் ஹெல்கா அது, புனிதமானவள் என்று பொருள். கீவை ஆண்ட முதல் பெண்ணின் பெயரும் ஓல்காதான்.

தமாரா எபிரேயம், பேரீச்சை மரம், ஜார்ஜியா நாட்டு அரசி தமார் வழியாக ரஷ்யாவுக்குப் பரவியது.

வேரா என்றால் நம்பிக்கை, சமயப் பற்று என்ற பொருளில். இதில் ஒரு கதை உண்டு. ரோமில் சோஃபியா என்ற தாயும் அவருடைய மூன்று சிறு மகள்களும் மதத்துக்காகக் கொல்லப்பட்டதாக மரபு. கிரேக்கத்தில் அந்தப் பெண்களின் பெயர் பிஸ்திஸ், எல்பிஸ், அகாபே. ஸ்லாவியர்கள் வழக்கமாகக் கிரேக்கப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், இந்த மூன்றை மட்டும் மொழிபெயர்த்துவிட்டார்கள்: வேரா, நதேஷ்தா, லியுபோவ். நம்பிக்கை, எதிர்பார்ப்பு, அன்பு. அம்மா மட்டும் மொழிபெயர்க்கப்படாமல் சோஃபியாவாகவே நின்றுவிட்டார். செப்டம்பர் 30 அன்று நால்வருக்கும் சேர்த்துத் திருநாள். ந-வில் வேண்டும் என்றால் நதேஷ்தா இருக்கிறது, சுருக்கம் நாத்யா அல்லது நாதியா. வேரா வேண்டாம் என்பேன், பள்ளியில் "வேற லெவல்" என்று ஓட்டியே கொன்றுவிடுவார்கள்.

மிலானா அந்த "மில்" வேர்தான், பிரியமானவள். ரஷ்யாவில் இப்போதைய இளம் பெற்றோர்களிடம் நன்றாகப் போகும் பெயர்.

ஸ்வெத்லானாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேர் பழையது, ஸ்வெத் என்றால் ஒளி. ஆனால் பெயர் கவிஞர்கள் உண்டாக்கியது! 1802-ல் வோஸ்தோகோவ் என்பவர் ஒரு கவிதையில் பயன்படுத்தினார், 1813-ல் ஷுக்கோவ்ஸ்கியின் கதைப்பாடல் அதை நாடு முழுக்கப் பிரபலமாக்கியது. இருந்தும் தேவாலயத்தில் வைக்க முடியாது, நாள்காட்டியில் அப்படிப் புனிதரே கிடையாதே. வீட்டில் ஸ்வெத்லானா என்று கூப்பிட வேண்டுமென்றால் ஞானஸ்நானத்தில் ஃபோத்தினியா என்று வைப்பார்கள், கிரேக்கத்தில் அதுவும் ஒளிதான். புரட்சிக்குப் பிறகு பாதிரியாரைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது, வீட்டுக்கு வீடு ஸ்வெத்லானா ஆனார்கள்.

---

கார்கிவ்_டாக்டர் எழுதியது:

மேலே ஒருவர் பிரித்து மேய்ந்துவிட்டார், நான் நடைமுறை சொல்கிறேன். உக்ரைனில் இருக்கும் கார்கிவில் எம்பிபிஎஸ் படித்தேன், இப்போது அண்ணா நகரில் இருக்கிறேன்.

நிகிதாவைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அங்கே அது ஆண் பெயர், சோவியத் தலைவர் குருஷ்சேவ் பெயரே நிகிதாதானே! கிரேக்கத்தில் வெற்றியாளன். ஆ-வில் முடிந்தால் பெண் பெயர் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு, அதனால் மிஷா என்றும் பெண் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள், அது மிகயீலின் செல்லப் பெயர், மீசை வைத்த மாமாக்களைக் கூப்பிடுவது. இலியா, வான்யா, கோல்யா எல்லாமே ஆண்கள். சாஷா, ஷேன்யா மாதிரி சில மட்டும் இரண்டு பக்கமும் வரும்.

அப்புறம் அங்கே ஒரு பெண்ணுக்கு ஒரு பெயர் என்று கணக்கே கிடையாது. முழுப் பெயர் எகதெரீனா, தோழிகளுக்குக் காத்யா, கொஞ்சும்போது காத்யூஷா, திட்டும்போது காத்கா. மரியா மாஷா ஆவாள், தார்யா தாஷா ஆவாள், அனஸ்தாசியா நாஸ்த்யா ஆவாள். சேர்ந்த புதிதில் ஒரே பெண்ணை மூன்று பெயரில் கூப்பிடுவதைக் கேட்டு மூன்று பேர் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அதனால் நீங்கள் நதாஷா, தான்யா, சோனியா என்று பிறப்புச் சான்றிதழில் எழுதினால் அவர்கள் காதுக்கு அது "குட்டிம்மா" என்று ஆதாரில் எழுதிய மாதிரி இருக்கும். சிரிக்க மாட்டார்கள், ஆனால் முழுப் பெயர் என்ன என்று கேட்பார்கள். நம் ஊரில் யாருக்கும் அது தெரியப்போவதில்லை என்பதும் உண்மை.

பெரியவர்களை, ஆசிரியர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அப்பா பெயரைச் சேர்க்க வேண்டும். இவானின் மகள் அன்னா என்றால் அன்னா இவானோவ்னா. நம் இனிஷியல்தான் இது, என்ன, நாம் ஒரே எழுத்தில் சுருக்கி முன்னால் போடுகிறோம், அவர்கள் வாய் நிறையச் சொல்லிப் பின்னால் போடுகிறார்கள். உங்கள் கணவர் அங்கே போனால் லெனினோவிச், நாத்தனார் லெனினோவ்னா!

வயசும் பாருங்கள். வாலன்டினா, கலினா, லுத்மிலா, தமாரா, ஸ்வெத்லானா எல்லாம் அங்கே இப்போது அம்மா, பாட்டி தலைமுறைப் பெயர்கள். எங்கள் விடுதிக் காப்பாளர்கள் பாதிப் பேர் இந்தப் பட்டியலில் வருவார்கள். நம் ஊரில் சரோஜா, ராஜலட்சுமி என்று ஒரு கைக்குழந்தைக்கு வைத்தால் எப்படியோ அப்படி. எனக்கு அது பிடிக்கும், உங்களுக்கு எப்படியோ.

இன்னொன்று, "ஸ்லாவிய" என்று ஒரே கூடையில் போடாதீர்கள். உக்ரைன்காரர்களிடம் போய் எலேனா என்றால் ஒலேனா என்று திருத்துவார்கள். கலினா அங்கே ஹலினா, ஸ்வெத்லானா அங்கே ஸ்வித்லானா, க்சேனியா அங்கே ஒக்சானா. 2022-ல் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்த பிறகு இந்த வித்தியாசம் இன்னும் உணர்ச்சிகரமான விஷயமாகிவிட்டது. உக்ரைன் மொழியில் எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்பதற்குச் சொல்லே நாதியாதான், சுருக்கம் இல்லை, அதுவே முழுப் பெயர். உங்கள் ந-வுக்கு இது இரண்டு பக்கமும் செல்லும்.

---

ஆதித்தமிழ்த்தேடல் எழுதியது:

தமாரா எபிரேயமாம்! தாமரை என்பது அப்பட்டமாகத் தெரிகிறதே, கண் இல்லையா? கலினா என்பது கலி, வேரா என்பது வேர், ஓல்கா என்பது ஓலை. உலகத்துப் பெயர்கள் எல்லாம் இங்கிருந்து போனவைதான், கப்பலில் போன வணிகர்கள் வைத்துவிட்டு வந்தார்கள். தமாரா என்றே வையுங்கள் சகோதரி, தமிழ்ப் பெயர்தான்.

---

மொழிப்பித்து எழுதியது:

ஐயா, தாமரை அழகான பெயர், அதையே வைக்கச் சொல்லுங்கள், நான் இரண்டு கையும் தூக்குகிறேன். ஆனால் தமார் பைபிளின் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறது, எபிரேயத்தில் இன்றைக்கும் அந்தச் சொல் பேரீச்சைதான். ஒலி ஒத்துப்போவதை வைத்து முடிவு செய்வதென்றால் மெரினா கடற்கரையையும் மரினா என்ற ரஷ்யப் பெண் வந்து திறந்துவைத்தாள் என்று சொல்லிவிடலாம். (இரண்டும் லத்தீன், "கடலைச் சேர்ந்தது". நம் கடற்கரைக்கு அந்தப் பெயரை வைத்தது 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப்.)

நிஜமான உறவு தேடினால் சமஸ்கிருதத்தோடு இருக்கிறது, இரண்டும் ஒரே மொழிக் குடும்பம் என்பதால். ஸ்வெத் – ஸ்வேத, வெண்மை. வெஸ்னா – வசந்தம், செர்பியாவிலும் குரோஷியாவிலும் சாதாரணமான பெண் பெயர். ஸ்லாவா – ஸ்ரவஸ், புகழ். ஷிவா என்று ஒரு பழைய ஸ்லாவியப் பெண் தெய்வம், அது நம் சிவன் இல்லை, ஜீவன். வேடிக்கை என்னவென்றால் ஸ்வெத்லானாவின் செல்லப் பெயர் ஸ்வேதா! நம் தெருவுக்கு இரண்டு ஸ்வேதா இருப்பார்கள், மாஸ்கோவில் போய் இறங்கினால் ஒருவரும் ஊர் கேட்க மாட்டார்கள்.

---

அறுபத்துநாலு_கட்டம் எழுதியது:

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது தினமும் ஈசிஆரில் பஸ் பிடித்துப் போனவன் நான். பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியது உக்ரைன். அணியில் மரியா, அன்னா, இன்னொரு அன்னா, நதாலியா, யூலியா. மொழிப்பித்து சொன்னதை வைத்துப் பார்த்தால் ஐந்தில் ஒன்று கூட ஸ்லாவிய வேர் இல்லை போல!

---

நாட்டார்_வழக்கு எழுதியது:

பெயர் வைக்கும் வழக்கங்களைப் பற்றித்தான் என் ஆய்வு, அதனால் சும்மா இருக்க முடியவில்லை. எல்லோரும் அழகான பெயர்களையே பேசுகிறீர்கள், அழகில்லாத பெயர்களில்தான் எனக்கு ஆர்வம்.

நம் பாட்டிமார்களில் குப்பம்மாள், பிச்சையம்மாள் எத்தனை பேர். முன்னே பிறந்த குழந்தைகள் தங்காமல் போனால், அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து, தவிட்டுக்கு விற்று வாங்கி, யாரும் கண் வைக்காத பெயராக வைப்பார்கள். ஸ்லாவியர்களிடம் அச்சு அசலாக இது உண்டு. பழைய ரஷ்யாவில் நெக்ராஸ் என்றால் அழகில்லாதவன், நெஷ்தானா என்றால் எதிர்பாராமல் வந்தவள். செர்பியாவில் ஓநாய் என்று வைப்பார்கள், சூனியக்காரிகள் ஓநாய்க்குப் பயந்து குழந்தையைத் தின்ன மாட்டார்கள் என்று நம்பிக்கை. செர்பிய மொழிக்கு எழுத்துச் சீர்திருத்தம் செய்த வூக் கராஜிச் (1787-ல் பிறந்தவர்) பெயரில் இருக்கும் வூக் அந்த ஓநாய்தான், அவருக்கு முன் பிறந்தவர்கள் பிழைக்கவில்லை. பெண்ணுக்கு வூக்கா, வுக்கோசாவா.

இதைவிட நெருக்கமானது ஒன்று உண்டு. ஸ்தானா, ஸ்தான்கா, ஸ்தானியா என்று செர்பியாவில் பழைய பெண் பெயர்கள். நில் என்ற வினையிலிருந்து வருபவை. குழந்தை இந்த உலகில் நிற்கட்டும் என்று வைத்தவர்கள் உண்டு, பெண் பிறப்பது இதோடு நிற்கட்டும் என்று வைத்தவர்களும் உண்டு. இன்னும் வெளிப்படையாக தோஸ்தா என்றே ஒரு பெயர், "போதும்" என்று பொருள். நம் போதும்பொண்ணுவை அப்படியே கொண்டுபோய் பெல்கிரேடில் விட்ட மாதிரி. திருத்தணி பக்கத்துக் கிராமங்களில் வேண்டாம் என்று பெயர் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்த பெண்களைப் பற்றிச் செய்திகள் வந்தன, படித்திருப்பீர்கள். எந்த மொழிக்காரனும் யாரிடமும் கற்றுக்கொள்ளாமலேயே இந்தப் புத்தி எல்லா ஊரிலும் முளைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

குழந்தைப் பெயர் தளங்களில் ஸ்தானா என்று பார்த்தால் "நிலையானவள், உறுதி மிக்கவள்" என்று போட்டிருப்பார்கள். அகராதிப்படி தப்பில்லை. ஆனால் யார், எந்த நிலைமையில், என்ன நினைத்து வைத்தார்கள் என்பது அந்த ஒரு வரியில் வராது.

சரி, கசப்பு போக இனிப்பாகவும் கொஞ்சம். அதே செர்பியர்கள் பழப் பெயர்களை ஆசையாகப் பெண்களுக்கு வைப்பார்கள்: யாகொதா என்றால் ஸ்ட்ராபெரி, விஷ்னியா புளிப்புச் செர்ரி, துன்யா சீமைமாதுளை. ரஷ்ய துன்யா வேறு, அது எவ்தோக்கியா என்ற கிரேக்கப் பெயரின் செல்லம். தானிட்சா விடிவெள்ளி, ஜோரா விடியல், ஸ்னெஷானா பனி. ஜோராவைச் சென்னையில் வைத்தால் "ஜோரா இருக்கு" என்பார்கள், கிண்டலாக இருந்தாலும் நல்ல கிண்டல்.

---

வியாசர்பாடி_தோழர் எழுதியது:

மருமகளே, உங்கள் தாத்தா மாதிரி ஆட்களோடு பழகியவன் நான். என்சிபிஎச் புத்தகக் கடையில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் மலிவு விலையில் கிடைத்த காலம், கெட்டி அட்டை, வாசனையே தனி. அதில் படித்துப் படித்துத்தான் பெயர் வைத்தோம், அர்த்தம் யார் கேட்டார்கள்? எங்களுக்கு அர்த்தம் அந்த மனுஷிதான். 1963 ஜூன் 16-ம் தேதி வாலன்டினா தெரஷ்கோவா வோஸ்தோக் 6 விண்கலத்தில் ஏறிப் போனார், உலகத்தில் விண்வெளிக்குப் போன முதல் பெண், அதுவும் ஜவுளி ஆலையில் வேலை செய்த பெண். அந்தச் சேதி கேட்டு வைத்ததுதான் வாலன்டினா. லத்தீனில் வலிமை, ஆரோக்கியம் என்று இப்போது சொல்கிறார்கள், காதலர் தினத்து வாலன்டைனும் அதே வேர்தானாம், உங்கள் அத்தையிடம் சொல்லிப் பாருங்கள், வெட்கப்படுவார்.

நதேஷ்தா என்றால் எங்களுக்கு குரூப்ஸ்கயா, லெனினின் துணைவியார். ஸ்டாலின் மனைவி பெயரும் நதேஷ்தாதான். அவர்கள் மகள்தான் 1926-ல் பிறந்த ஸ்வெத்லானா, அந்தப் பெயர் ரஷ்யாவில் பரவியதில் அவருக்கும் பங்கு உண்டு. அவர் கதை இந்தியாவோடு முடிச்சுப் போட்டது: உத்தரப் பிரதேசத்து காலாகாங்கர் பிரஜேஷ் சிங் என்ற நம் ஊர்க் கம்யூனிஸ்டோடு வாழ்ந்தார், கல்யாணத்துக்கு அரசு சம்மதிக்கவில்லை. 1966-ல் சிங் இறந்ததும் அஸ்தியைக் கங்கையில் கரைக்க இங்கே வந்தவர், 1967 மார்ச்சில் டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் நடந்து போய் அடைக்கலம் கேட்டுவிட்டார். எங்கள் ஆட்களில் சிலர் அதற்குப் பிறகு ஸ்வெத்லானா என்று பெயர் வைப்பதையே நிறுத்தினார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பெண் மேல் கோபம் என்றால் பெயர் என்ன செய்யும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புரட்சிக்குப் பிறகு புதுப் பெயர்களே செய்தார்கள் தெரியுமா? விளாதிமிர் லெனின் சேர்ந்து விளாத்லேனா. மார்க்சும் லெனினும் சேர்ந்து மார்லேனா. அக்டோபரிலிருந்து ஒக்த்யாப்ரினா. இவற்றிலெல்லாம் நிலைத்து நின்ற ஒன்று நினெல். லெனின் என்பதை ரஷ்ய எழுத்தில் கடைசியிலிருந்து படியுங்கள், நினெல். பெண் பெயர், சின்னது, வாயில் நுழைகிறது. உங்கள் மாமனார் லெனின், பேத்தி நினெல், ஜோசியர் கேட்ட நி-யும் ஆயிற்று. தாத்தாவும் சந்தோஷப்படுவார், மாமியாரும் சந்தோஷப்படுவார், நட்சத்திரத்தைப் புரட்சியோடு சேர்த்துவிட்ட பாவம் என் தலையில் வரட்டும்.

---

பெரம்பூர்_மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, ராத்திரி பால் கொடுக்கும்போது ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். நிகிதா போயாச்சு, கணவர் கொஞ்சம் முகம் சுளித்தார். போதும்பொண்ணு பதிவைப் படித்ததும் என் அம்மா ஊரில் அந்தப் பெயரில் இருந்த சித்தி நினைவுக்கு வந்தார், அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

தோழர், நினெல் பற்றி மாமனாரிடம் சொன்னேன். ஒரு காகிதத்தை எடுத்து லெனின் என்று தமிழில் எழுதிக் கடைசியிலிருந்து படித்தார், "ன்னிலெ" என்று வந்தது, இது என்னம்மா என்றார். ரஷ்ய எழுத்தில் எழுதிக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார், ஆனால் அப்போதிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அவரே எழுதிக் காட்டுகிறார். நாத்தனார் நாதியா பக்கம். எனக்கும் நாதியா பிடிக்கிறது, பூவே பூச்சூடவா நதியா ஞாபகம் வருவார் என்பதுதான் ஒரே தயக்கம், அதுவும் தயக்கம் என்று சொல்ல முடியாது. இரண்டில் ஒன்று என்று வந்து நிற்கிறோம். சான்றிதழுக்கு எழுத்து எப்படிப் போடுவது என்று யாராவது சொன்னால் நல்லது, நதேஷ்தா என்பதையே ஒரு தளத்தில் "நதேழ்தா" என்று பார்த்தேன்.

---

கார்கிவ்_டாக்டர் எழுதியது:

அந்த ழ, ஆங்கிலம் வழியாக வந்த வினை. இசட், எச் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் கை தானாக ழ போடும், கனிமொழி எழுதிப் பழகிய கை. ரஷ்யர்கள் சொல்வது நம் ழ இல்லை, ஷ-வைத் தொண்டை அதிரச் சொன்னால் வரும் ஒலி. தமிழில் ஷ போட்டுவிடுங்கள். நம் எழுத்தில் வேறு சிக்கலும் உண்டு: கலினா என்று எழுதினால் அது கிரேக்க கலினாவா (அமைதி), போலந்து, பல்கேரியாவில் வைக்கும் ஸ்லாவிய கலினாவா (சிவப்புக் காய் காய்க்கும் ஒரு புதர்ச்செடி) என்று படிப்பவருக்குத் தெரியாது, நம்மிடம் ஒரே க. நல்லவேளை உங்கள் இரண்டு பெயருக்கும் இந்தத் தொல்லை இல்லை.

சான்றிதழுக்கு அவசரப்படாதீர்கள். பெயரில்லாமல் பிறப்புப் பதிவாகியிருந்தால் ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு பதினைந்து வயது வரை தாமதக் கட்டணத்தோடு. ஆனால் ஒருமுறை ஏறிவிட்டால் ஆங்கில எழுத்தை மாற்ற அலைய வேண்டியிருக்கும், பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் அதையேதான் பிடித்துக்கொள்ளும். நினெல் என்றால் ஆங்கிலத்தில் ஒரு ஐ, ஒரு ஈ, எண்கணிதக்காரர் வந்து கூட ஒரு எழுத்து போடச் சொன்னால் விடாதீர்கள், பின்னாலிருந்து படித்தால் லெனின் வராது. நாதியா என்றால் தமிழில் நெடில் போடுங்கள், நதியா என்று குறிலில் எழுதினால் ஆறாகிவிடும்.